அட்வென்ச்சர் கேம் விமர்சனம்: சேலம், ஏற்காடு பக்கமிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டரில் அட்வென்ச்சர் கேம் ஆடி, அதைப் பற்றித் தமிழில் எழுத நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறோம். பதில்களில் சில கேம்களின் புதிர்கள் உடைபடும். எவை என்று இப்போதே சொல்லிவிடுகிறோம்: பினீத் எ ஸ்டீல் ஸ்கை (தொடக்கம் மட்டும்), கேப்ரியல் நைட் 3, மங்கி ஐலண்ட் 2, கிங்ஸ் க்வெஸ்ட் 5, ப்ரோக்கன் ஸ்வோர்ட் முதல் பாகம், மிஸ்ட், வெண்பா.

ஸ்டீம்ல அட்வென்ச்சர்னு தேடினா துப்பாக்கி கேமெல்லாம் வருது. நீங்க எதைச் சொல்றீங்க?

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ‘அட்வென்ச்சர்’ என்ற சீட்டை எதன் நெற்றியிலும் ஒட்டுகிறார்கள். இங்கே பேசுவது கைவேகத்தால் நகராமல் யோசனையால் நகரும் கேம்கள். இடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், ஆட்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும், பொருள் சேர்க்க வேண்டும், சேர்த்ததை வைத்து முடிச்சை அவிழ்க்க வேண்டும். இந்த வகைக்குப் பெயர் கொடுத்ததே வில் க்ரவுதர் எழுதி, 1977-ல் டான் வுட்ஸ் பெரிதாக்கிய ‘அட்வென்ச்சர்’ என்ற கேம்தான். அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. க்ரவுதர் தான் இறங்கிப் பார்த்திருந்த கென்டக்கி மாமத் குகையின் ஒரு பகுதியை அதில் எழுத்தாலேயே வரைந்து வைத்தார். நம் சேர்வராயன் மலையிலும் குகைகள் இருக்கின்றன; எழுதத்தான் ஆள் வரவில்லை.

புனேயில் உருவான ‘ராஜி’ (2020) போன்ற ஆக்‌ஷன் அட்வென்ச்சர்களை எடைபோட வேறு தராசு வேண்டும். அடி எப்போது விழுகிறது, கேமரா எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அங்கே முதல் கேள்விகள். அவற்றை இங்கே தொடவில்லை.

விமர்சனத்துல முதல்ல எதைப் பத்தி எழுதணும்? கதையா, கிராபிக்ஸா?

இரண்டும் இல்லை. நீங்கள் மாட்டிக்கொண்ட இடம்.

கதை நன்றாக இருக்கிறது, படம் அழகாக இருக்கிறது என்று ட்ரெய்லர் பார்த்தவர்கூட எழுதிவிடலாம். ஆடியவர் மட்டுமே சொல்லக்கூடியது ஒன்று உண்டு: எந்த இடத்தில் நின்றுபோனேன், எத்தனை நிமிடம், அந்த நேரத்தில் என்னென்ன செய்து பார்த்தேன், கடைசியில் வழி கிடைத்தபோது “அட, ஆமால்ல” என்று தோன்றியதா, “இது எப்படிய்யா தெரியும்” என்று தோன்றியதா. அட்வென்ச்சர் கேமின் தரம் இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஐந்து பத்தி விமர்சனத்தில் குறைந்தது இரண்டு பத்தியாவது இதற்குப் போக வேண்டும்.

மாட்டிக்கிட்டது என் தப்பா, கேமோட தப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நம் விடுகதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். “குகைக்குள்ளே 32 சிப்பாய், நடுவிலே ஒரு நாகம்.” விடை வாய். விடை தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் ஒரு சொல்கூட வீண் இல்லை: குகை வாய், சிப்பாய் பல், நாகம் நாக்கு. விடை தெரியாதவனுக்கும் எண்ணிப் பார்க்க 32 என்ற பிடி கொடுத்திருக்கிறார்கள். கேமின் புதிரையும் விடை தெரிந்த பிறகு இப்படித்தான் பின்னோக்கி உரித்துப் பார்க்க வேண்டும்.

உரிக்கும்போது நான்கைப் பாருங்கள். விடைக்குத் தேவையான தகவல், நீங்கள் மாட்டிய இடத்துக்கு முன்பே கேமுக்குள் காட்டப்பட்டதா? தேவைப்பட்ட பொருள் திரையில் கண்ணுக்குத் தெரிந்ததா, இல்லை சுட்டியை அங்குலம் அங்குலமாக உழவு ஓட்டித்தான் கிடைத்ததா? நீங்கள் செய்த நியாயமான வேறு முயற்சிகள் ஏன் பலிக்கவில்லை என்று கேம் காரணம் சொன்னதா? எதற்காக இதைச் செய்கிறோம் என்பது செய்யும்போதே தெரிந்ததா?

நான்காவதில் சறுக்கியதற்குப் பேர்போன உதாரணம் கேப்ரியல் நைட் 3 (1999). நாயகனுக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு வேண்டும். நண்பன் மோஸ்லி பேரில் போய் எடுக்கலாம் என்று திட்டம். அதற்காகக் கொட்டகைக் கதவு ஓட்டையில் டேப் ஒட்டி, பூனையை அதன் வழியாக ஓடவிட்டு, ஒட்டிய முடியை எடுத்து, சிரப்பைத் தடவி மீசையாக வைத்துக்கொள்ள வேண்டும். சரி, வேடம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த மோஸ்லிக்கு மீசையே கிடையாது! அதனால் அவனுடைய பாஸ்போர்ட் படத்திலும் பேனாவால் ஒரு மீசை வரைய வேண்டும். இங்கே கோளாறு பூனையிடம் இல்லை. ‘மோஸ்லி மாதிரி மாற வேண்டும்’ என்ற நோக்கத்துக்கு நேர் எதிராக ஒரு மீசையைச் சேர்க்கச் சொல்வதுதான் கோளாறு. விமர்சனத்தில் “புதிர் அபத்தம்” என்று எழுதி நிறுத்தாமல், எந்தக் கண்ணி அறுந்தது என்று இப்படிச் சுட்ட வேண்டும்.

முதல் சோதனைக்கு மிஸ்ட் (1993) நல்ல பாடம். அதில் செலினிடிக் உலகில் தண்டவாளச் சுரங்கம் ஒன்று வரும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு ஒலி கேட்கும், அந்த ஒலி எந்தத் திசையைக் குறிக்கிறது என்று தெரிந்தால்தான் வெளியே வரலாம். எந்த ஒலி எந்தத் திசை என்பதை மெக்கானிக்கல் என்ற வேறொரு உலகம் சொல்லிக்கொடுக்கிறது. ஆனால் எந்த உலகத்துக்கு முதலில் போவது என்பது ஆடுபவர் விருப்பம். மெக்கானிக்கல் போய்விட்டு வந்தவருக்கு அருமையான புதிர். நேராகச் செலினிடிக் போனவருக்குக் குருட்டாம்போக்கு. ஒரே புதிர், ஒருவருக்கு நியாயம், இன்னொருவருக்கு அநியாயம். அதனால்தான் எந்த வரிசையில் ஆடினோம் என்பதையும் விமர்சனத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நல்ல புதிர் எப்படி இருக்கும்னு நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு சொல்லுங்களேன்.

இல்லாத ஒரு கேமைக் கற்பனை செய்வோம். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் கதை ஆரம்பிக்கிறது. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் பலகை. 9-வது வளைவில் ரேடியேட்டர் புகைந்து பஸ் நிற்கிறது. கண்டக்டர் தண்ணீர் ஊற்றுகிறார். ஜன்னலில் 9/20 என்ற பலகை தெரிகிறது. பிறகு காபித் தோட்டத்தில் வயதான மேஸ்திரி பேச்சோடு பேச்சாக, “பஸ் எப்பவும் மூச்சு வாங்குற இடத்துலதான் துரை பெட்டியைப் புதைச்சாராம்” என்கிறார். உங்கள் கையில் 20 வளைவுகளும் குறித்த வரைபடம். எதைத் தொடுவீர்கள்?

இதில் பலகை கண்ணில் பட்டிருக்கிறது, பஸ் நின்றதால் மனசிலும் நின்றிருக்கிறது, மேஸ்திரியின் பேச்சு அதைக் கொக்கி போட்டு இழுக்கிறது. இப்போது இதையே கெடுத்துப் பார்ப்போம். பனி மூட்டத்தில் பலகையை அரை நொடி மட்டும் காட்டினால் கெட்டது. பஸ் காட்சிக்குத் திரும்பிப் போக வழியில்லாமல், கண்டக்டரும் பிறகு பேசாமல் போனால் இன்னும் கெட்டது. “மூச்சு வாங்கும் இடம்” என்று சொல்லாமல் “கஷ்டமான இடம்” என்று மேஸ்திரி சொன்னால் 20 வளைவும் கஷ்டம்தான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 1 முதல் 20 வரை வரிசையாகத் தட்டினால் யோசிக்காமலே பெட்டி கிடைத்துவிடும். இதற்கு ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018) ஒரு வழி வைத்திருக்கிறது. கப்பலில் இருந்த 60 பேரும் என்ன ஆனார்கள் என்று கண்டுபிடிக்கும் கேம் அது. மூன்று பேர் கதியைச் சரியாக எழுதினால்தான் மூன்றையும் சேர்த்து உறுதி செய்யும். நம் கற்பனைக் கேமிலும் மூன்று பெட்டி, மூன்று வளைவு, மூன்றையும் சேர்த்துக் குறித்தால்தான் விடை என்று வைத்தால் 1,140 சேர்க்கைகள் வரும். அதைத் தட்டித் தீர்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. விமர்சகர் பார்க்க வேண்டியதில் இதுவும் ஒன்று: இந்தப் புதிரை மூளையைப் பயன்படுத்தாமல் தாண்ட முடிகிறதா?

ஆடும்போது குறிப்பு எடுக்கணும்னு சொல்றீங்க. எப்படி எடுக்கிறது?

80 பக்க நோட்டு ஒன்று, பக்கத்தில் கடிகாரம். செல்போனில் குறித்தால் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது, நோட்டே நல்லது. இடது பக்கம் கேமுக்கான குறிப்பு (கதவு எண், யார் என்ன சொன்னார், வரைபடம்). வலது பக்கம் விமர்சனத்துக்கான குறிப்பு: மணி, இடம், அப்போது என்ன செய்ய நினைத்தேன், கேம் என்ன பதில் சொன்னது. ஐந்து நிமிடம் முன்னேற்றமே இல்லை என்றால் வலது பக்கம் ‘மாட்டல்’ என்று எழுதி மணியைக் குறியுங்கள். விடுபட்டதும் மறுபடி மணி. முடிவில் கூட்டிப் பார்த்தால் 8 மணி நேரக் கேமில் 3 மணி நேரம் ஒரே கதவு முன் நின்றிருந்தது தெரியவரும். நினைவிலிருந்து எழுதினால் இது வரவே வராது, ஏனென்றால் கதவு திறந்த சந்தோஷத்தில் நின்ற நேரம் மறந்துவிடும்.

சேவ் வசதி இருந்தால் ஒரே இடத்தில் மேலே மேலே சேவ் செய்யாதீர்கள். மாட்டிய இடம் ஒவ்வொன்றுக்கும் தனி சேவ். பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும், “வேறு பொருளைக் கொடுத்தால் என்ன சொல்லும்” என்று சோதிக்கவும் அது வேண்டும். ஸ்டீமில் எஃப்12 அழுத்தினால் படம் விழும்.

முதல் பயிற்சிக்கு எந்த கேம்? காசு செலவில்லாம இருந்தா நல்லது.

பினீத் எ ஸ்டீல் ஸ்கை. 1994-ல் வந்தது, 2003-ல் இலவசமாக விடப்பட்டது. பத்து வருஷப் பழைய லேப்டாப்பிலும் ஓடும். பழைய அட்வென்ச்சர் கேம்களை இப்போதைய கம்ப்யூட்டரில் ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதே தளத்தில் கேமின் பேச்சுக் குரலுள்ள சிடி பதிப்பை இறக்கி, ஜிப்பைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். ஸ்கம்விஎம்மில் ‘ஆட் கேம்’ அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். ஜிப்பைப் பிரிக்காமலே காட்டுவதுதான் பலரும் செய்யும் தப்பு.

படம் பட்டையாக அமுங்கித் தெரிந்தால் கேமைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கால 320×200 படம் 4:3 மானிட்டரில் உயரமாக நீண்டு தெரியும் என்று கணக்கிட்டு வரையப்பட்டது. கன்ட்ரோல், ஆல்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்த அளவுத் திருத்தம் மாறும். முகம் முகம் மாதிரி வந்துவிடும்.

இனி முதல் கால் மணி நேரம். கேமின் நாயகன் ஃபாஸ்டர் தொழிற்சாலை மேல்தளத்தில் ஒளிந்து நிற்கிறான், கீழே தேடுகிறார்கள். கதவு திறக்காது. படிக்கட்டுக் கைப்பிடியில் ஒரு கம்பி மட்டும் கழன்று வரும். அதால் கதவை நெம்ப வேண்டும். நோட்டில் எழுதுங்கள்: கம்பியைக் கண் முதலில் பார்த்ததா, சுட்டி மேலே போய்ப் பெயர் வந்த பிறகுதான் தெரிந்ததா? அதுவே இரண்டாவது சோதனை. பிறகு குப்பைக் குவியலில் ஒரு பழுதான ரோபோ உடல் கிடக்கும். பையில் (கையிலுள்ள பொருள்களைக் கேம் காட்டும் பகுதி) ஆரம்பத்திலிருந்தே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது. அது ஃபாஸ்டரின் பழைய தோழன் ஜோயி. போர்டை உடலில் செருகினால் ஜோயி உயிர்பெற்று, கிடைத்த உடலைப் பற்றி உடனே முணுமுணுக்க ஆரம்பிப்பான்.

இங்கே கவனிக்க வேண்டியது, போர்டு யாருடையது என்பதை அறிமுகக் காட்சி சொல்லிவிடுகிறது. அறிமுகத்தை எஸ்கேப் தட்டித் தாண்டியவருக்கு மட்டும் அது தெரியாது. அப்படித் தாண்டியவருக்கும் பிடி கிடைக்கிறதா? பையில் உள்ள போர்டைப் பார்க்கச் சொல்லிச் சோதித்து, கேம் சொல்லும் வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி மட்டும் 200 வார்த்தை எழுதிப் பாருங்கள். கை பழகிவிடும்.

எவ்வளவு நேரம் முட்டி மோதிட்டு வாக்த்ரூ பார்க்கலாம்?

எங்கள் அளவு: ஒரே இடத்தில் 45 நிமிடம், பிறகு ஒரு ராத்திரித் தூக்கம், மறுநாள் 20 நிமிடம். அதற்கும் மசியவில்லை என்றால் வாக்த்ரூவை, அதாவது விடைகளை வரிசையாகச் சொல்லும் வழிகாட்டியை, பார்க்கலாம், வெட்கமே வேண்டாம். ஆனால் முழு விடையை ஒரே மடக்கில் குடிக்கக் கூடாது. முதலில் கேமுக்குள்ளேயே ஹிண்ட் இருக்கிறதா பாருங்கள். மெஷினேரியம் (2009) ஒரு பல்பை அழுத்தினால் மேலோட்டமான குறிப்பு கொடுக்கும். முழு விடைப் புத்தகத்தைத் திறக்க ஒரு குட்டி விளையாட்டை ஜெயிக்கச் சொல்லும், அதாவது சோம்பேறிக்கு ஒரு சின்ன அபராதம். ரிட்டர்ன் டு மங்கி ஐலண்டில் (2022) ஹிண்ட் புத்தகம் பைக்குள்ளேயே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கும்.

கேமுக்குள் இல்லையென்றால் யுஎச்எஸ் என்ற படிப்படிக் குறிப்புத் தொகுப்பு 1988-லிருந்து இருக்கிறது. ஒரு கேள்விக்கு ஒவ்வொரு வரியாகத் திறந்துகொண்டே போகலாம். அதற்கும் முன்பு இன்ஃபோகாம் நிறுவனம் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சடித்த குறிப்புப் புத்தகம் விற்றது. கூடவே வரும் பேனாவால் தேய்த்தால்தான் எழுத்து தெரியும்.

எந்தப் படியில் “அட” என்று பொறி தட்டியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் படியிலேயே தட்டினால் புதிர் நல்லது, உங்கள் கவனம்தான் கொஞ்சம் சிதறியிருந்தது. கடைசிப் படிவரை போய், விடையைப் படித்த பிறகும் புரியவில்லை என்றால் அதுதான் விமர்சனத்தின் முக்கியப் பத்தி. யூடியூப் வாக்த்ரூ மட்டும் வேண்டாம். ஒரு புதிருக்காகப் போனால் அடுத்த நாலு புதிரும் சேர்ந்து உடைந்துபோகும்.

இங்கிலீஷ் வார்த்தை விளையாட்டு புதிரெல்லாம் நமக்குப் புரியறதே இல்ல. அதைக் குறையா எழுதலாமா?

தாராளமாக எழுதலாம், ஆனால் யாருக்குக் குறை என்று பிரித்து எழுத வேண்டும். மங்கி ஐலண்ட் 2 (1991)-ல் அருவித் தண்ணீரை நிறுத்த ஒரு பம்ப்பைத் திருகியாக வேண்டும். அதற்குக் கருவி, பியானோ வாசிக்கும் ஒரு குரங்கு! குரங்கை மயக்கி, தூக்கிப் பையில் போட்டு, ரெஞ்ச் மாதிரி மாட்டித் திருக வேண்டும். அமெரிக்காவில் ஒருவகைத் திருகுக் கருவிக்கு ‘மங்கி ரெஞ்ச்’ என்று பெயர்; அவ்வளவுதான் க்ளூ. ரெஞ்சை ஸ்பேனர் என்று சொல்லும் பிரிட்டனிலேயே பலர் விழித்தார்கள். ‘பைப் ரெஞ்ச்’ என்று மட்டும் கேட்டுப் பழகிய சேலத்துக்காரர் எங்கே போவார்? கேமுக்குள் யாராவது ஒருவர் அந்தக் கருவியின் பெயரைத் தெளிவாகப் பேச்சில் விட்டிருந்தால் பிரச்சினை பாதி தீர்ந்திருக்கும்.

இதன் மறுபக்கம் வெண்பா (2023). கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை, டொரான்டோவில் உருவாக்கப்பட்டது. அம்மா கொடுத்த சமையல் நோட்டில் எழுத்து அங்கங்கே அழிந்திருக்கும், விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. வெளிநாட்டு ஆட்டக்காரருக்குத் தட்டை எப்படி அடுக்குவது என்பதே முடிச்சு. நம் வீட்டில் காலையில் கொப்பரை ஏற்றுகிறவருக்கு அது புதிரே இல்லை. அதற்காக “ரொம்ப ஈஸி” என்று எழுதிவிட்டால் அது விமர்சனம் ஆகாது. புதிர் தெரிந்தவருக்கு என்ன செய்கிறது, தெரியாதவருக்கு என்ன செய்கிறது என்று இரண்டையும் பார்க்க வேண்டும். தெரிந்தவருக்கு அங்கே புதிர் கரைந்து, கை தானாகச் செய்யும் வேலையின் நினைவு மிஞ்சுகிறது. அது அந்தக் கேமின் பலம்.

நம் சேலத்துத் தட்டுவடை செட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று யாராவது புதிர் வைத்தால், கோயம்புத்தூர்க்காரருக்கே க்ளூ தேவைப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெட் எண்ட்னா என்ன? இன்னமும் அதெல்லாம் இருக்கா?

ஆரம்பத்தில் ஒன்றைச் செய்யாமல் விட்டதால், மணிக்கணக்குக்குப் பிறகு கேமை முடிக்கவே முடியாமல் போவது. கிங்ஸ் க்வெஸ்ட் 5 (1990)-ல் ஒரு பூனை எலியைத் துரத்தும். அந்தச் சில நொடிக்குள் பூனை மேல் பழைய செருப்பை எறிந்து எலியைக் காப்பாற்ற வேண்டும். விட்டுவிட்டால் கேம் ஒன்றும் சொல்லாது. வெகுநேரம் கழித்துச் சத்திரத்தின் நிலவறையில் கட்டிப்போடுவார்கள், கயிற்றைக் கடிக்க எலி வராது, கதை முடிந்தது.

இதில் சாவு பெரிய குற்றம் இல்லை. எங்கே தப்பு செய்தோம் என்றே தெரியாமல் விடுவதுதான் குற்றம். இந்த வழக்கத்தை எதிர்த்து ரான் கில்பர்ட் 1989-லேயே கட்டுரை எழுதினார். அடுத்த வருடம் அவர் உருவாக்கிய முதல் மங்கி ஐலண்ட் அதற்குச் செயல்விளக்கம் மாதிரி வந்தது. இப்போதைய கேம்களில் டெட் எண்ட் அரிது. இருந்தால் பெரும்பாலும் பக் (நிரலில் விழுந்த பிழை), வேண்டுமென்று வைத்ததில்லை. அப்படி ஒன்றைச் சந்தித்தால் பழைய சேவிலிருந்து அதே வரிசையில் மறுபடி செய்து பாருங்கள். இரண்டு முறை நடந்தால் மட்டும் எழுதுங்கள்.

திடீர்னு வேகமா கிளிக் பண்ணச் சொல்ற இடம் வந்தா?

ப்ரோக்கன் ஸ்வோர்ட் (1996) ஆட்டுப் புதிர்தான் இதற்குத் தாத்தா. அயர்லாந்து கோட்டை இடிபாட்டில் ஒரு ஆடு முட்டித் தள்ளும். முட்டி வாங்கிய அடுத்த கணமே, எழுந்த கையோடு, பக்கத்திலுள்ள பழைய உழவுக் கருவியைக் க்ளிக் செய்ய வேண்டும். துரத்தும் ஆட்டின் கயிறு அதில் சிக்கிக்கொள்ளும். பெரும்பாலும் நிதானமாக யோசிக்கப் பழக்கிய கேம், இங்கே சொல்லாமல் விதியை மாற்றுகிறது. வேகம் தப்பில்லை, முன்கூட்டிப் பழக்காததுதான் தப்பு. வேறு இடத்தில் சின்ன அளவில் அதே வித்தையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.

தப்பான பொருளைக் கொடுத்தா “அது வேலைக்காகாது”ன்னே திரும்பத் திரும்பச் சொல்லுது. இதையெல்லாம் எழுதணுமா?

அவசியம். பையில் பத்துப் பொருள் இருக்கும்போது ஒரு கதவின் மேல் பத்தையும் போட்டுப் பாருங்கள். எத்தனைக்குத் தனிப் பதில், எத்தனைக்கு ஒரே பல்லவி என்று எண்ணுங்கள். பத்தில் நாலைந்துக்காவது தனிப் பதில் வந்தால் எழுதியவர்கள் உழைத்திருக்கிறார்கள். ஒரே பல்லவி என்றால் சரியான யோசனைக்கும் தப்பான யோசனைக்கும் ஆட்டக்காரரால் வித்தியாசம் காண முடியாது. ‘கிட்டத்தட்டச் சரி’ என்ற நிலைக்குப் பதில் இருக்கிறதா என்பதை முக்கியமாகப் பாருங்கள். கயிறு வேண்டிய இடத்தில் வேட்டியைக் கொடுத்தால் “இது நீளம் பத்தாது” என்று சொல்லும் கேம் பாதி வழியைக் காட்டிவிட்டது.

கரண்ட் போனா சேவ் நிக்குமா? இதை விமர்சனத்துல சோதிக்கிறது எப்படி?

பிளக்கைப் பிடுங்க வேண்டாம், டிஸ்க் கெட்டுப்போகும். கேம் தானாகவே சேவ் செய்யும் ஆட்டோசேவ் அடையாளம் திரையில் தெரிந்ததும் மணியைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் ஆடுங்கள். இரண்டு பொருள் எடுங்கள், ஒருவரிடம் பேசுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் கேமை ‘எண்ட் டாஸ்க்’ செய்யுங்கள். மறுபடி திறந்து எவ்வளவு தொலைந்தது என்று பாருங்கள். காட்சி மாறும்போது மட்டும் சேவ் செய்யும் கேம்களில் அரை மணி நேரம்கூடப் போய்விடும். “ஆட்டோசேவ் உண்டு” என்ற வரியைவிட “கரண்ட் போனால் அதிகபட்சம் இவ்வளவு நிமிடம் போகும்” என்ற வரி நம் ஊர் வாசகருக்கு உபயோகம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பேப்பரில் முன்பே வந்துவிடும்; சொல்லாமல் போகும் கரண்ட்தான் பிரச்சினை. 600 விஏ யுபிஎஸ் டெஸ்க்டாப்பைச் சில நிமிடம்தான் தாங்கும், அது கையால் சேவ் செய்துவிட்டு மூட மட்டும்.

ஏற்காட்டுல நெட் சரியா கிடைக்கிறதில்ல. எப்படி ஆடுறது?

சேலத்தில் இறக்கிக்கொண்டு போங்கள். ஸ்டீம் என்றால் கீழேயே ஒருமுறை நெட்டோடு கேமைத் திறந்து, முதல் காட்சிவரை போய்விட்டு, பிறகு ‘ஆஃப்லைன்’ முறைக்கு மாற்றுங்கள். திறக்காமலே மேலே கொண்டுபோனால் முதல் தடவை ஏதாவது இறக்க வேண்டும் என்று நின்றுவிடலாம். ஜிஓஜி கடையில் வாங்கியதற்கு ஆஃப்லைன் இன்ஸ்டாலர் உண்டு. பென் டிரைவில் போட்டுக்கொண்டால் நெட்டே வேண்டாம்.

திரும்பி வந்து நெட்டில் இணைந்ததும் “கணினியில் உள்ள சேவா, க்ளவுடில் உள்ள சேவா” என்று ஸ்டீம் சில சமயம் கேட்கும். தேதியும் மணியும் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் க்ளவுடைத் தட்டினால் மலையில் ஆடியதெல்லாம் போச்சு.

முழுசா முடிச்சாத்தான் எழுதணுமா?

புதிர் கேமுக்கு ஆமாம். கடைசிப் புதிர்கள்தான் பெரும்பாலும் அவசரத்தில் வைக்கப்பட்டிருக்கும். முடிக்காவிட்டால் எந்த இடம்வரை ஆடினேன் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

கூடவே ஒரு விஷயம்: ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். வெண்பா மாதிரிச் சின்ன கேம் அந்த நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடக்கூடும். முடித்து ரசித்துவிட்டுப் பணத்தையும் திரும்ப வாங்குவது, சாப்பிட்டுவிட்டு இலையைக் காட்டிக் காசு கேட்கிற மாதிரி. விலையை நீளத்தால் வகுத்து “மணிக்கு இத்தனை ரூபாய்” என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். இந்த வகையில் நேரத்தை நீட்டுவது பெரும்பாலும் மாட்டல்தான். கெட்ட கேம் மலிவாகத் தெரியும்.

மார்க் போடலாமா?

வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டாகப் போடுங்கள், கதைக்கு ஒன்று, புதிருக்கு ஒன்று. ஸ்டீமில் ‘வெரி பாசிட்டிவ்’ என்று பார்த்தால் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் ‘பரிந்துரைக்கிறேன்’ என்று அழுத்தினார்கள் என்றுதான் அர்த்தம். அது 80 மார்க் இல்லை.

ஸ்பாய்லர் சொல்லாம புதிரை எப்படி விமர்சிக்கிறது?

முழுக்கச் சொல்லாமல் முடியாது. கட்டுரையை இரண்டாக வெட்டுங்கள். மேல் பாதியில் புதிரின் வகை, மாட்டிய நிமிடம், சறுக்கிய சோதனை. கீழ்ப் பாதியில் ஒரே ஒரு புதிரை மட்டும் எடுத்து, எந்தக் கட்டத்தில் வரும் என்று எச்சரித்துவிட்டு, கடைசிவரை உரியுங்கள். அந்த ஒரு புதிரைக் கேமின் முதல் மூன்றில் ஒரு பங்கிலிருந்து எடுத்தால் சேதாரம் குறைவு. ஸ்கிரீன்ஷாட்டில் கீழே ஓடும் பையைக் கவனியுங்கள். பொருள்களின் படமே பல விடைகளைக் காட்டிக்கொடுத்துவிடும். வெட்டிவிட்டுப் போடுங்கள்.

உருவாக்கினவங்க இலவசமா கீ கொடுத்தா?

கேமைத் திறக்கும் அந்தக் கீயை வாங்கிக்கொள்ளலாம், முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும், கடைசியில் பொடி எழுத்தில் இல்லை. இலவசப் பொருளைப் பெற்றதை மறைக்காமல் காட்ட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021 வழிகாட்டுதலும் சொல்கிறது.

‘இன்வென்டரி’, ‘ஹாட்ஸ்பாட்’ எல்லாத்தையும் தமிழ்ப்படுத்தணுமா?

ஆடுகிறவர் வாயில் வருவதையே எழுதுங்கள். கேம், சேவ், ஹிண்ட், க்ளூ அப்படியே இருக்கட்டும். இன்வென்டரிக்குப் ‘பை’ என்றால் எல்லாருக்கும் புரிகிறது, சின்னதாகவும் இருக்கிறது. ஹாட்ஸ்பாட் என்பது திரையில் க்ளிக் செய்யக்கூடிய இடம்.

ரீமாஸ்டர் வந்தா பழைய விமர்சனம் செல்லுமா?

ரீமாஸ்டர் என்பது பழைய கேமைப் புதுப்பித்து மறுபடி வெளியிடுவது. பழைய விமர்சனம் செல்லுமா என்பது, எதை மாற்றினார்கள் என்பதைப் பொறுத்தது. கிரிம் ஃபான்டாங்கோ 1998-ல் வந்தபோது மவுஸே கிடையாது. கீபோர்டில் ஆளைத் திருப்பித் திருப்பி நடத்த வேண்டும், சுவரில் முட்டிக்கொண்டே இருப்பான். 2015 ரீமாஸ்டரில் மவுஸ் சேர்த்தார்கள். நடையைப் பற்றிய பழைய புகார்கள் அத்தோடு காலாவதி. புதிர்களைப் பற்றியவை அப்படியே நிற்கின்றன. திம்பிள்வீட் பார்க் (2017) வெளிவந்த பிறகு ஒரு அப்டேட்டில், கேமுக்குள் இருக்கும் போனில் ஒரு எண்ணைச் சுழற்றினால் ஹிண்ட் கிடைக்கும்படி செய்தார்கள். அதற்கு முந்தைய விமர்சனம் படிப்பவருக்கு அது தெரியாது.

அதனால் விமர்சனத்தின் தலையில் மூன்று விவரம் போடுங்கள்: கேமின் பதிப்பு எண் (பெரும்பாலும் முதல் மெனுவின் மூலையில் இருக்கும்), ஆடி முடித்த மாதம், எந்தக் கம்ப்யூட்டரில் ஆடினீர்கள். பிறகு அப்டேட் வந்து நீங்கள் குறை சொன்ன இடத்தைச் சரிசெய்தால் பழைய பத்தியை அழிக்க வேண்டாம். மாட்டிய இடத்துக்கு வைத்த சேவைத் திறந்து, அந்த ஒரு புதிரை மட்டும் மறுபடி ஆடிப் பார்த்துவிட்டு, தேதியோடு கீழே நாலு வரி சேருங்கள்.